துப்பாக்கியில் ஒட்டிய சர்க்கரை

அத்தியாயம் 9

வக்கீல் ஃபின்கெல் போனில் சொன்னதை நார்பர்ட் கெம்மரர் நம்பாமல் மறுபடி ஒரு தடவை சொல்லச் சொன்னார். வக்கீலின் கட்சிக்காரி கோரின் பேலியட்டின் துப்பாக்கிப் பிடியில் ஒட்டியிருந்த வெள்ளைப் பொடியை ஆய்வுக்கூடத்தில் சோதித்து முடித்துவிட்டார்களாம். போதைப்பொருள் இல்லை. சர்க்கரை. டோனட் மேல் தூவுகிற, மாவாக அரைத்த சர்க்கரை.

காரை ஓட்டிக்கொண்டிருந்த யாரிட்ஸா சிரித்தாள். "இனிமே துப்பாக்கிக்கும் சுகர் டெஸ்ட் எடுக்கணும் போல, பாஸ்."

நார்பர்ட் சிரிக்கவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனியில் பல வருடம் பொய்க் கோரிக்கைகளை மோப்பம் பிடித்துவிட்டு, ஐம்பதைத் தாண்டியபின் சொந்தமாகத் துப்பறியும் தொழிலுக்கு வந்தவர் அவர். சிரிப்பதை உதவியாளர் யாரிட்ஸாவிடம் ஒப்படைத்துவிட்டார். அவளும் அந்த வேலையில் குறை வைப்பதில்லை.

கார் டெலவேர் ஆற்றுப் பாலத்தின் மேல் ஏறியது. நார்பர்ட் பழக்கத்தில் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஒன்றும் இல்லை. அவருடைய துப்பாக்கி ஆபீஸ் மேஜைக்குள் பத்திரமாக இருந்தது. பென்சில்வேனியாவில் கொடுத்த அனுமதி அட்டையை வைத்துக்கொண்டு பென்சில்வேனியாவில் ராஜா மாதிரி திரியலாம். பாலத்தைத் தாண்டி நியூஜெர்சிக்குள் சக்கரம் உருண்டதும் அதே அட்டை பல் குத்தக்கூட உதவாது.

இது தெரியாமல் மாட்டிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். ஆனால் கோரின் பேலியட்டுக்கு இது நன்றாகவே தெரியும். அதுதான் இந்த வழக்கில் வயிற்றெரிச்சல்.

கோரின் ஒரு நர்ஸ். கணவன் இல்லை, ஏழு வயதில் ஜூனி என்று ஒரு மகள். பென்சில்வேனியாவில் ஹெல்மர்ஸ்வில் என்ற ஊரிலிருந்து வீட்டைக் காலி செய்துகொண்டு, வெர்மான்ட் மாநிலத்தில் கிடைத்த புது வேலைக்குக் கிளம்பியவள். நடுவில் நியூஜெர்சியைக் கடந்தாக வேண்டும். கடந்து மட்டும் போகிறவர்கள் துப்பாக்கியைக் குண்டு கழற்றி, பூட்டி, டிக்கியில் வைத்துக்கொண்டால் சட்டம் ஒன்றும் சொல்லாது. கோரின் அதைத் தேடிப் படித்து அப்படியே செய்தாள்.

பாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் போலீஸ் வண்டியை நிறுத்தியது. பின்கண்ணாடியை மறைத்துக்கொண்டு ஜூனியின் பலூன்கள் ஆடின, அவ்வளவுதான் குற்றம். கோரின் ஊரில் கற்றுக்கொண்ட மரியாதைப்படி இரண்டு கையையும் ஸ்டீயரிங் மேல் வைத்துக்கொண்டு, "வண்டியில துப்பாக்கி இருக்கு ஆபீசர், என்கிட்ட அனுமதி இருக்கு" என்றாள். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் பலூனை உடைத்துவிட்டு அனுப்பியிருப்பார்கள். இப்போது அவளைக் கீழே இறக்கி வண்டியைச் சோதித்தார்கள். டிக்கியில் துப்பாக்கிப் பெட்டி காலியாகக் கிடந்தது. துப்பாக்கி முன்சீட்டுக்கு எதிரே டேஷ்போர்டு பெட்டிக்குள் இருந்தது, குண்டோடு.

டிக்கிக்கும் டேஷ்போர்டுக்கும் இடையில் ஒரு பெரிய ஆள் படுத்தால் எட்டிவிடும். சட்டத்தின் கணக்கில் அந்தத் தூரம் மூன்றரை வருட ஜெயில். அரசு வக்கீல் மனசு வைக்காவிட்டால் நீதிபதியே நினைத்தாலும் குறைக்க முடியாது, இந்த அரசு வக்கீலோ மனசு என்பதை வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர். நர்ஸ் உரிமம் போகும். ஜூனி யார் வீட்டிலாவது வளர வேண்டும். திங்கட்கிழமை கோர்ட், இன்று வெள்ளி. துப்பாக்கியைத் தனக்குத் தெரியாமல் யாரோ முன்னால் மாற்றி வைத்துவிட்டார்கள் என்று கோரின் சொல்கிறாள். அந்த யாரோ ஒருவரைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தால்தான் அவள் பிழைப்பாள்.

நியூஜெர்சிப் பக்கம், ஒரு சலவைக்கடைக்கு மேலே இருந்த அத்தை மகள் வீட்டில் கோரின் ஜாமீனில் வந்து தங்கியிருந்தாள். கீழே மெஷின்கள் சுற்றச் சுற்ற மேலே மேஜையில் இருந்த கரண்டி நடுங்கியது. ஜூனி தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

பொடி சர்க்கரைதான் என்று நார்பர்ட் சொன்னதும் கோரின் கையிலிருந்த காபிக் கோப்பையை வைத்துவிட்டாள். முகம் மலரும் என்று எதிர்பார்த்தவருக்கு ஏமாற்றம். போதைப்பொருள் என்றால்கூட இவ்வளவு வெளிறியிருக்க மாட்டாள்.

டிக்கியில் இருந்த டோனட் பெட்டிகளைப் பற்றி யாரிட்ஸா விசாரித்தாள். கோரின் கிளம்பிய நாள், ஈஸ்டருக்கு முன்னால் வரும் கிறிஸ்தவ நோன்பு தொடங்குவதற்கு முந்தின செவ்வாய். அந்தப் பக்கத்து ஊர்களில் அன்றைக்கு வீட்டுக் கொழுப்பையெல்லாம் தீர்க்கிற மாதிரி உருளைக்கிழங்கு மாவில் ஃபாஸ்நாட் என்று டோனட் சுட்டுத் தள்ளுவார்கள். ஊர்ப் பொதுக்கூடமாகவும் இருக்கும் ஹெல்மர்ஸ்வில் தீயணைப்பு ஹாலில் இருந்து, வழியனுப்பும் சீராக ஆறு பெட்டி கொடுத்தார்களாம். கோரின் அங்கே ஆம்புலன்சில் சம்பளமில்லாமல் வேலை பார்த்தவள்.

"வழியில ஒண்ணு ரெண்டு சாப்பிட்டீங்களா?" என்றார் நார்பர்ட்.

"கட்டே பிரிக்கலை. வெர்மான்ட் போய்ப் பிரிக்கலாம்னு வச்சிருந்தேன்."

"கட்டிக் குடுத்தது யாரு?"

"ஹால்ல முப்பது பேர் இருந்தாங்க, மிஸ்டர் கெம்மரர். ஆளாளுக்குக் கட்டிப்பிடிச்சு அழுதாங்க. யாரு என்ன பண்ணாங்கன்னு எப்படிச் சொல்ல?" என்றவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தயவுசெஞ்சு அங்க போகாதீங்க. நான் வெர்மான்ட்ல சந்தோஷமா இருக்கேன்னு நினைச்சிட்டிருக்காங்க. அப்படியே இருக்கட்டும்."

பாவம், வெட்கப்படுகிறாள் என்று நார்பர்ட் எடுத்துக்கொண்டார். எத்தனையோ பொய்யர்களின் மூக்கு நுனியைப் பார்த்தே கண்டுபிடித்த மனிதர், அந்த இடத்தில் கோட்டை விட்டார்.

திரும்பிப் போகும்போது பாலத்தில் சுங்கம் வசூலித்தார்கள். நியூஜெர்சிக்கு உள்ளே வரும்போது கேட்பதில்லை, வெளியே போகும்போதுதான் கேட்பார்கள். "ஜெயில் மாதிரியேதான், பாஸ். உள்ள போறது இலவசம், வெளிய வரத்தான் செலவு" என்றாள் யாரிட்ஸா.

"வாயை மூடிட்டு யோசி. சர்க்கரைக் கை யாரோடது?"

"குழந்தையா இருக்குமோ?" அதைச் சொல்லும்போது அவள் குரலில் விளையாட்டு இல்லை.

நார்பர்டுக்கும் அந்தப் பயம் வந்து போயிருந்தது. ஆனால் போலீஸ் எடுத்த படத்தில் ஆறு பெட்டியின் கயிறும் போட்ட முடிச்சு போட்டபடியே இருந்தது. வண்டி கிளம்பியபின் யாரும் டோனட்டைத் தொடவில்லை. அப்படியென்றால் அந்தக் கை சர்க்கரையில் முங்கியது பெட்டியைக் கட்டுவதற்கு முன்னால். பெட்டிகளை டிக்கியில் ஏற்றக் கோரின் யாரிடமோ சாவியைக் கொடுத்திருக்க வேண்டும். துப்பாக்கிப் பெட்டியின் குட்டிச் சாவியும் அதே வளையத்தில்தான் தொங்கியது. சர்க்கரை போட்ட ஆள்தான் சாவி வாங்கிய ஆள்.

"அப்ப முப்பது பேரையும் கையை நீட்டச் சொல்லி நக்கிப் பார்க்கப்போறோமா?" என்றாள் யாரிட்ஸா.

"வேண்டாம். சமையல்கட்டுல ஒருத்தரைக் கேட்டா போதும்."

இறைச்சி தொடாத நோன்புக் காலத்து வெள்ளிக்கிழமை என்பதால் ஹெல்மர்ஸ்வில் தீயணைப்பு ஹாலில் மீன் வறுவல் நடந்துகொண்டிருந்தது. தீயணைப்பு வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே நீள மேஜைகள் போட்டிருந்தார்கள். வரிசை வாசலைத் தாண்டி நின்றது. யாரிட்ஸா இரண்டு தட்டு வாங்கிக்கொண்டு, பரிமாறிய அம்மாளிடம் பேச்சுக் கொடுத்தாள். போன மாதம் இங்கே வாங்கிய ஃபாஸ்நாட் மாதிரி வாழ்நாளில் சாப்பிட்டதில்லை, அந்தச் சர்க்கரையைத் தூவிய மகராசன் யார் என்று கேட்டாள்.

அந்த அம்மாள் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. இந்த ஹாலில் மாவு பிசைகிற ஆள் மாறலாம், எண்ணெய்ச் சட்டி கை மாறலாம், சர்க்கரைச் சல்லடை மட்டும் எல்வுட் டிரெக்ஸ்லருடையது. வேறு ஒருவர் தொட்டால் ஈஸ்டர் வரைக்கும் அவரோடு பேசமாட்டாராம். பெட்டியில் அடுக்கிக் கயிறு கட்டுவதும் அவரே. அந்தக் கிழவர் இதோ முட்டைக்கோஸ் சாலட் பக்கம் நிற்கிறார் என்று கரண்டியால் காட்டினாள்.

எல்வுட் எண்பதை நெருங்கியவர். ஒரு காலத்தில் இந்தத் தீயணைப்புப் படைக்குத் தலைவர். இப்போது இதே ஹாலின் அடித்தளத்தில் துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறார். அந்த மாவட்டத்தில் இடுப்பில் துப்பாக்கி வைத்திருக்கிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் பாடம் கேட்டவர்கள். கோரினும் கேட்டவள்தான்.

கோரினின் நண்பர்கள் என்று நார்பர்ட் சொன்னதும் கிழவர் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். அவள் வெர்மான்ட்டில் எப்படி இருக்கிறாள், வீடு நன்றாக இருக்கிறதா, குழந்தை பள்ளிக்குப் போகிறதா என்று அடுக்கினார்.

"இன்னும் செட்டில் ஆகலை" என்றாள் யாரிட்ஸா.

நார்பர்ட் மெதுவாக அன்றைய தினத்துக்குப் பேச்சைக் கொண்டுபோனார். டிக்கியில் பெட்டிகளை ஏற்றியது நீங்கள்தானே என்றார்.

"நானேதான். ஒரே சாமான், இடமே இல்ல. இதைத் தள்ளி அதைத் தள்ளிப் பாத்தா, அடியில துப்பாக்கிப் பெட்டி. நான் வாங்கிக் குடுத்த பெட்டிதான் அது. எனக்கு வந்துச்சே கோபம்." கிழவர் தலையை ஆட்டிக்கொண்டார். "நீயே சொல்லு தம்பி. தனியா ஒரு பொண்ணு, கைக்குழந்தை மாதிரி ஒரு பிள்ளை, சாயங்காலம் வரைக்கும் ரோடு. வழியில எவனாவது மறிச்சா, கொஞ்சம் இருப்பா, டிக்கியைத் திறந்துட்டு வரேன்னா சொல்லுவா? அதான் எடுத்துக் குண்டு போட்டு முன்னாடி வச்சேன்."

மேஜைக்குக் கீழே யாரிட்ஸாவின் ஷூ நார்பர்டின் காலை மிதித்தது. அவருக்கு வலிக்கவில்லை. சொல்லப்போனால் எழுந்து கிழவரின் வழுக்கை மண்டையில் ஒரு முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது. தேடிய ஆள் தானாக வந்து உட்கார்ந்து, தானாகவே சொல்லிவிட்டார். ஊரே நம்புகிற மனிதர். துப்பாக்கிப் பாடம் நடத்துகிறவர். கோரினுக்கு இதைவிட நல்ல சாட்சி ஆண்டவனே இறங்கி வந்தால்தான் கிடைக்கும்.

இதையெல்லாம் வேறொரு இடத்தில் சொல்ல வேண்டி வந்தால் சொல்வீர்களா என்று கேட்டார். எல்வுட்டுக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் கோரினுக்கு உதவும் என்றால் கோயில் மணி அடிக்கிற இடத்தில்கூட நின்று சொல்வேன் என்றார்.

யாரிட்ஸா வக்கீல் ஃபின்கெலுக்குப் போன் போட எழுந்தே விட்டாள். நார்பர்ட் கடைசியாக ஒன்று கேட்டார். ஒப்புக்குத்தான் கேட்டார், பதில் தெரிந்த கேள்வி என்று நினைத்துக்கொண்டு.

"நீங்க மாத்தி வச்சது அவளுக்குத் தெரியாது, இல்லையா?"

எல்வுட்டின் முகம் மாறியது. தன்னைத் திருடன் என்று சொன்னாற்போல நார்பர்டைப் பார்த்தார்.

"தெரியாமலா? குண்டு போட்ட துப்பாக்கியை ஒருத்தர் வண்டில வச்சிட்டு, அவங்ககிட்ட சொல்லாம விடறவன் மனுஷனா? என் வகுப்புல முதல் பாடமே அதுதான், தம்பி. அவ கையைப் பிடிச்சு, கண்ணைப் பாத்துச் சொன்னேன். முன்னாடி வச்சிருக்கேன்மா, குண்டு இருக்கு, பிள்ளை கை படாம பாத்துக்கோன்னு. அவளும் சரின்னு என்னைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டா."

யாரிட்ஸா போனை மெல்லப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.  

நார்பர்ட் வெளியே வந்து தீயணைப்பு வண்டியின் பக்கத்தில் நின்று கோரினுக்குப் போன் செய்தார். அவள் ஹலோ சொல்லவில்லை.

"சொல்லிட்டாரா?" என்றாள்.

"சொல்லிட்டார்."

பின்னால் சலவை மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் கோரின் எல்லாவற்றையும் சொன்னாள், யாரிடமும் சொல்லாமல் இத்தனை நாள் மனசுக்குள் பூட்டி வைத்திருந்தவள். முப்பது பேர் கூடி நின்று பாட்டுப் பாடிக்கொண்டிருந்தபோது, சின்னப் பிள்ளைகள் காலைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தபோது, துப்பாக்கியை வெளியே எடுத்துக் குண்டைக் கழற்ற அவளுக்குக் கை வரவில்லை. அதைவிட, அந்தக் கிழவர் அன்பாகச் செய்ததை அவர் கண்ணெதிரே மாற்றி வைத்து அவர் முகம் வாடுவதைப் பார்க்க மனசு வரவில்லை. பாலத்துக்கு முன்னால் ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது, அங்கே நிறுத்தி டிக்கியில் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அன்றைக்குப் பார்த்து அங்கே சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். தடுப்புகள் அவள் வண்டியை நேராகப் பாலத்துக்குத் தள்ளிவிட்டன.

"பாலத்து மேல வண்டியைத் திருப்ப முடியாது, மிஸ்டர் கெம்மரர். அந்தப் பக்கம் இறங்கினதும் ஓரமா நிறுத்தலாம்னு இடம் தேடிட்டே போனேன். எனக்கு இடம் கிடைக்கறதுக்கு முன்னாடி போலீஸ் என்னைப் பாத்துட்டாங்க."

"என்கிட்ட ஏன் மறைச்சீங்க?"

"அவர் பொய் சொல்ல மாட்டாரு. அவர் பேரைச் சொன்னா நீங்க கூட்டிட்டு வருவீங்க. வந்தா உள்ளதைச் சொல்லிடுவாரு. அப்புறம் எனக்கு என்ன ஆச்சுன்னு தெரிஞ்சா, அந்த மனுஷன் தாங்கமாட்டாரு."

நார்பர்ட் போனை வைத்துவிட்டு அங்கேயே நின்றார். கோபம் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்பதுதான் தெரியவில்லை. கிழவர் இல்லாமல் கோர்ட்டுக்குப் போனால், யாரோ மாற்றி வைத்தார்கள் என்ற கதையை ஒருவரும் நம்பப்போவதில்லை. கிழவரோடு போனால் அரசு வக்கீல் ஒரே ஒரு கேள்வி கேட்பார், அவளுக்குத் தெரியுமா என்று இப்போது நார்பர்ட் கேட்ட அதே கேள்வி. அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கிழவரிடம் கெஞ்சலாமா என்று ஒரு கணம் யோசித்தார். வாழ்க்கை முழுக்கப் பொய்யைத் துரத்தியவர், இப்போது ஒரு பொய்யனைக் கொடு ஆண்டவனே என்று வேண்டுகிற நிலைக்கு வந்திருந்தார். அதுவும் கிடைக்காது என்று அவருக்கே தெரியும்.

திரும்பினால் எல்வுட் வாசலில் நின்றார். அவர் கேட்டுக் கேட்டு, யாரிட்ஸாவால் கோரினின் வழக்கை மறைக்க முடியாமல் போயிருந்தது. கிழவரின் கையில் கயிறு கட்டிய அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. ஜூனிக்கு மீன் பிடிக்கும் என்று கட்டியிருக்கிறார். 

"பாலம்தானே, தம்பி அது" என்றார். "நாங்க அந்தப் பக்கம் கல்யாணத்துக்குப் போவோம், சாவுக்குப் போவோம். என் தம்பி வீடே அங்கதான். ஆத்துக்கு அந்தப் பக்கம் வேற நாடு மாதிரின்னு எனக்குத் தோணவே இல்லையே."

நார்பர்ட் அவர் தோளைத் தொட்டார்.  கோர்ட்டுக்கு நீங்கள் வரவேண்டும் என்று கட்டாயம் இல்லை, யாரும் கூப்பிடப் போவதில்லை என்று சொன்னார்.

"யாரும் கூப்பிட வேண்டாம். நான் பண்ணினதுக்கு அவ ஜெயிலுக்குப் போறதா? திங்கக்கிழமை முதல் ஆளா வந்து நிக்கறேன். நடந்தது எல்லாத்தையும் சொல்றேன், ஒண்ணு விடாம. அப்புறம் அவளை விட்டுடுவாங்க இல்ல?"

யாரிட்ஸா முகத்தைத் திருப்பிக்கொண்டு காரைப் பார்த்து நடந்தாள். நார்பர்ட் மீன் பெட்டியை வாங்கிக்கொண்டார். சூடு இன்னும் ஆறவில்லை.

கிளம்பப்போனவரை எல்வுட் மறுபடி கூப்பிட்டார். ஏப்ரனைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். இடுப்பில் அவருடைய துப்பாக்கி, தேய்ந்து பளபளத்த தோல் உறையில். எத்தனையோ வருடமாகப் பாடம் நடத்தியவர், ஒரு தடவைகூட யாரிடமும் கேட்டிராத கேள்வியைப் பள்ளிப் பிள்ளை மாதிரி கேட்டார்.

"அந்தப் பக்கம் வரணும்னா இதை எங்க வச்சுக்கணும், தம்பி?"

"வீட்டுல வச்சிட்டு வாங்க."

கிழவர் ஏப்ரனை இறக்கிவிட்டு, நார்பர்டின் கையிலிருந்த ஜூனியின் மீன் பெட்டியைப் பார்த்தார்.

"அவ்வளவுதானா?" என்றார்.